பூசணம் பூக்காத ரொட்டி

படகு மூன்றாவது பெரிய அலைமேல் ஏறி இறங்கியபோது, காலையில் நான் தின்ற முட்டை தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"முழுங்கு" என்றார் தொரூன், தலையைத் தூக்காமல்.

"முழுங்கிட்டேன், பாஸ். அதே முட்டையை ரெண்டாவது தடவை."

தொரூன் ஹேல்லேவுக்கு ஐம்பத்து நான்கு வயது. துப்பறிய வருவதற்கு முன் இருபது வருடம் உணவு ஆய்வாளராக இருந்து, ஓட்டல் அடுக்களைகளில் எலிப் புழுக்கை தேடிய பெண்மணி. உலகத்தில் எதுவும் அவருக்குக் குமட்டாது. அவருடைய உதவியாளன் எஸ்கிலாகிய எனக்கு எல்லாமே குமட்டும். எங்கள் அலுவலகத்தில் மூக்கு என்னுடையது, வயிறு அவருடையது.

அவர் மடியில் பதினான்கு புகைப்படங்கள். பதினான்கிலும் ரொட்டி. ஒரு ஜன்னல் திட்டு, அதில் விரித்த தாள், தாள்மேல் மூன்று துண்டு ரொட்டி, பக்கத்தில் நாள் எண் எழுதிய சீட்டு. இதற்காகத்தான் இரண்டு மணி நேரம் கடலில் குலுங்கிக்கொண்டிருந்தோம்.

"போன் பண்ணினவர் என்னதான் சொன்னார்?"

"ஸ்தைனார்னு ஒரு மீனவர். மூணே வாக்கியம். 'என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. சொன்னான்றாங்க. வாங்க.' வெச்சுட்டார்."

"வடக்குக்காரங்களுக்கு அது மேடைப் பேச்சு பாஸ்."

விஷயம் இதுதான். ஹெஸ்ட்வேர் தீவில் நாற்பத்திரண்டு பேர். மேல்நிலைப் பள்ளி கிடையாது. ஸ்தைனாரின் பதினேழு வயது மகள் வில்யா, கரையிலிருந்து நடக்கும் இணைய வகுப்பில் படிக்கிறாள். அறிவியலுக்கு ஹல்வார்ட் எக்ரெம் என்று ஓர் ஆசிரியர். ஒன்பது தீவு, அறுபத்தொரு மாணவர்கள், ஒரு திரை. மார்ச் மாதம் அவர் கொடுத்த வீட்டுப் பாடம்: மூன்று துண்டு ரொட்டி எடு. ஒன்றைக் கழுவிய கையால் தொடு. ஒன்றை நாயை விட்டு நக்கவிடு. ஒன்றை பூட்ஸின் அடியில் தேய். தாளில் சுற்றி வைத்து, பதினான்கு நாள் தினமும் படம் எடுத்து, எத்தனை சதவிகிதம் பூசணம் பூத்தது என்று அட்டவணை போடு.

எனக்கு வந்திருந்தால் அன்றைக்கே படிப்பை விட்டிருப்பேன்.

மற்ற பிள்ளைகளின் ரொட்டியெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் குலுங்கியது. வில்யாவின் ரொட்டியில் பதினான்கு நாளும் பூஜ்யம். எக்ரெம் ஆறுக்கு ஒன்று போட்டு, அடியில் எழுதியிருந்தார்: 'படங்கள் அனைத்தும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. சோதனை செய்யப்படவில்லை. ஏமாற்று.'

மதிப்பெண் போனால் போகிறது. அந்தக் கடைசிச் சொல்தான் கழுத்தில் கத்தி. கரையிலுள்ள மீன் நோய் ஆய்வகம் தீவுப் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கிறது. இந்த வருடம் முதல் பெயர் வில்யா. பள்ளிப் பதிவில் 'ஏமாற்று' இருந்தால் பெயர் போய்விடும். பட்டியல் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மூடுகிறது. இரண்டு மணிக்குத் தலைமை ஆசிரியை முன்னால், திரையில், விசாரணை. இப்போது மணி பத்து.

படகுத்துறையில் இறங்கியதும் நாற்றம் வந்து கன்னத்தில் அறைந்தது. மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கான மீன் தலைகள், வாயைப் பிளந்துகொண்டு, காற்றில் ஆடின.

"நல்ல காய்ச்சல்" என்று மூச்சை இழுத்து ரசித்தார் தொரூன்.

"எனக்கா, மீனுக்கா?"

வில்யா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அழுத முகம் இல்லை. கோபத்தில் இறுகிய முகம். அவளுக்கு முன்னால் பாம்சே என்ற பெரிய கறுப்பு நாய் ஓடிவந்து என் வலது கையை மணிக்கட்டு வரை நக்கியது.

"இதே நாக்குதானா?" என்றேன்.

"எது?"

"ரொட்டியை நக்கினது."

"அதேதான். அதுகிட்ட இருக்கறது ஒண்ணுதான்."

காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனோம். கையை மூன்று தடவை கழுவினேன். படங்களில் பார்த்த ஜன்னல் திட்டு, வெளிக்கதவை ஒட்டி இருந்தது. அதன்மேல் இப்போது ஒரு ஜோடிக் கையுறையும் டார்ச் விளக்கும் மட்டும்.

"ஏன் இந்த இடத்துல வெச்சே?" என்று கேட்டார் தொரூன்.

"வீட்ல குளிரான இடம் இதுதான். வெளியே எடுத்துட்டுப் போற எல்லாத்தையும் இங்கதான் வைப்போம். அப்பாவோட கையுறை, சாப்பாடு, என் ஸ்கூல் பை. பாடத்துல குளிரான இடம்னு போட்டிருந்துச்சு."

"தினமும் எப்போ படம் எடுப்பே?"

"எட்டு அஞ்சுக்கு. எட்டே காலுக்கு கிளாஸ். பொட்டலத்தைப் பிரிப்பேன், படம் எடுப்பேன், கட்டம் போட்ட பிளாஸ்டிக்கை மேல வெச்சு பூசணப் புள்ளிய எண்ணுவேன். ஒண்ணுமே இருக்காது. மறுபடி சுத்தி வெச்சிடுவேன்."

"ரிப்போர்ட்ல முடிவா என்ன எழுதினே?"

அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது. "'ஏன்னு எனக்குப் புரியவில்லை'ன்னு எழுதினேன். ஜன்னல் ரொம்பக் குளிரா இருக்கலாம், காத்து வறண்டிருக்கலாம்னு ரெண்டு காரணம் சொல்லி, ரெண்டுமே போதாதுன்னும் எழுதினேன்."

"அந்த ரொட்டி இப்போ எங்கே?"

"பதினாலாம் நாள் முடிஞ்சதும் பாம்சேக்குப் போட்டுட்டேன்."

வாலை ஆட்டியது தடயத்தைத் தின்ற குற்றவாளி.

தொரூன் படங்களைத் திட்டின்மேல் வரிசையாகப் பரப்பினார். பிறகு படத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முப்பது அடி தள்ளி, பக்கத்து வீட்டின் முன்னால், ஒரு வெள்ளைக் கொடிக்கம்பம்.

"எஸ்கில், நாலாவது படத்தைப் பாரு. ரொட்டியைப் பாக்காதே. ரொட்டிக்குப் பின்னாடி பாரு."

பார்த்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் கம்பம் தெரிந்தது. கம்பத்தின் பாதியில் கொடி. எட்டாவது படத்தில் கொடி உச்சியில். பதினொன்றாவதில் மறுபடி பாதியில். மற்ற பதினொன்றிலும் வெறும் கம்பம்.

"ஒரே நாள்ல எடுத்த படமாம்!" என்றேன். "அன்னைக்குக் காலையில தீவே செத்துப் பொழைச்சு மறுபடி செத்திருக்கு போல."

கம்பத்தின் சொந்தக்காரர் எத்வின், எழுபத்தெட்டு வயது. வீட்டின் பின்னால் உட்கார்ந்து மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஈரல் ஒன்றை விரலால் வழித்தெடுத்து என் பக்கம் நீட்டி, "பச்சையா முழுங்கு தம்பி, பல்லு கெட்டிப்படும்" என்றார். என் முட்டை மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்தது.

தொரூன் படங்களைக் காட்டினார். கிழவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது வியாழக்கிழமை. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி ஆக்னெத்தே செத்துப்போனா. சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாளே, அவ. அரைக் கம்பத்துல ஏத்தினேன். இது அடுத்த திங்கள். என் பொறந்த நாள். என் பொறந்த நாளுக்கு நான் ஏத்தாம யார் ஏத்துவா? இது அதுக்கடுத்த வியாழன். அடக்கம். குழி மூடற வரைக்கும் அரைக் கம்பம், மூடினப்புறம் உச்சிக்கு."

"எத்தனை மணிக்கு ஏத்துவீங்க?"

"எட்டுக்கு. எட்டு ஒண்ணுக்கு ஏத்தினா அது துணி காயப்போடறது."

நான் துள்ளிக் குதிக்காத குறையாகத் திரும்பி வந்தேன். "முடிஞ்சுது பாஸ். வழக்கு க்ளோஸ். அடுத்த படகு பன்னிரண்டரைக்கு. கடல் கொஞ்சம் அடங்கினா நாம—"

தொரூன் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுக்களை மேஜையில் மறுபடி படங்களைப் பரப்பி, இந்த முறை ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உணவு ஆய்வாளர் பார்வை. அந்தப் பார்வைக்குப் பிறகு எத்தனையோ ஓட்டல்கள் மூடப்பட்டிருக்கின்றன.

"எஸ்கில், ரெண்டாம் நாள் ரொட்டி எப்படி இருக்கு?"

"நல்லாத் தடியா, எங்க மாமா மாதிரி."

"மூணாம் நாள்?"

எனக்குச் சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் ரொட்டி மெலிந்திருந்தது. நான்காம் நாள் மறுபடி தடித்திருந்தது. ஐந்தாம் நாள் ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஒல்லி. கையால் அறுத்த ரொட்டி. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பூசணம் பூக்காத ரொட்டி இளைக்கவும் கொழுக்கவும் செய்யுமா?

முதல் நாள் படத்தில் நடு ரொட்டியில் பூட்ஸ் தடம் பழுப்பாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் அந்தத் தடத்தையே காணோம்.

"தினமும் வேற வேற ரொட்டி" என்றார் தொரூன் அமைதியாக.

வில்யா பாய்ந்து வந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாவைப் போல் வெளுத்தது. "இல்ல... நான் மாத்தல. சத்தியமா மாத்தல. தடம் காய்ஞ்சு உதிர்ந்திடுச்சுன்னு நெனச்சேன். அதைக்கூட எழுதியிருக்கேன், ரெண்டாம் பக்கத்துல..."

"தினமும் பாத்தியே, தெரியலையா?"

"பூசணத்தைத்தான் தேடினேன். ரொட்டியைப் பாக்கல."

ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடம் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாத முகத்தோடு தினமும் புது ரொட்டி வைத்து ஊரை ஏய்த்திருக்கிறாள், அதற்குப் போய் நான் வயிற்றைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் பாவம், மகளை நம்பி மூன்று வாக்கியம் செலவழித்திருக்கிறார்.

"ஆறாம் நாளும் ஏழாம் நாளும் பாரு" என்றார் தொரூன்.

இரண்டிலும் ஒரே ரொட்டி. ஓரத்தில் ஒரே பொத்தல். பதின்மூன்றும் பதினான்கும் அப்படியே.

"ஆறு சனிக்கிழமை, ஏழு ஞாயிறு. அடுத்த வாரமும் அதே சனி, ஞாயிறு. வாரத்துக்கு ஒரு நாள் ரொட்டி மாறல. வில்யா, ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. தூங்குவோம்."

"ஒண்ணும் நடக்காது" என்று தொரூன் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்தார். "உங்கப்பா எப்போ வருவார்?"

"ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்னார். ஏன்?"

"சும்மா. எஸ்கிலுக்கு ஏதாவது சாப்பிடக் குடு."

"வேண்டாம்" என்றேன். அந்த வீட்டு ரொட்டியை நான் தொடுவதாக இல்லை.

பொழுது போக வேண்டுமே. வில்யாவின் கணினியில் வகுப்புப் பக்கம் திறந்திருந்தது. அதில் எக்ரெம் 'சிறந்த மாதிரிகள்' என்று தலைப்புப் போட்டு, ஆறுக்கு ஆறு வாங்கிய அறிக்கைகளை எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டிருந்தார். முதலாவது சீவெர்ட் என்ற பையனுடையது. பூசணப் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். நான்காம் பக்கத்தில் கண்ணைத் திறந்தேன். ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். கணினியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொரூனிடம் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. இருபது வருடம் எலிப் புழுக்கை பார்த்த முகம், முதல் தடவையாகச் சுளித்தது. "இதை ரெண்டு மணி வரைக்கும் வாயிலேயே வெச்சிரு" என்றார்.

இரண்டு மணிக்குத் திரை ஒளிர்ந்தது. ஒரு கட்டத்தில் தலைமை ஆசிரியை கிர்ஸ்தி ஔனே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி. இன்னொன்றில் ஹல்வார்ட் எக்ரெம். நல்ல கம்பளிச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி, கையில் காப்பிக் கோப்பை. ஸ்தைனாரைக் காணோம்.

"இருபத்திரண்டு வருஷமா கத்துக்குடுக்கறேன்" என்று ஆரம்பித்தார் எக்ரெம். "சாதாரண வீட்ல பதினாலு நாள் ரொட்டி இப்படியே இருக்காது. இந்தப் பொண்ணு ஒரே காலையில உட்கார்ந்து பதினாலு படத்தையும் எடுத்துட்டா. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அறிவியல்ல நேர்மைதான் முதல் பாடம்."

தொரூன் நான்காம் படத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "ஜன்னலுக்கு வெளியே பாருங்க."

ஔனேயின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "அரைக் கம்பம்! யார் தவறிட்டாங்க?"

அந்த அம்மாவுக்கு அரை நொடிதான் ஆனது. இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் அவ்வளவுதான் ஆகும். அரைக் கம்பத்தில் ஒரு கொடியைப் பார்த்தால் வாயில் போட்ட கவளத்தைக்கூட நிறுத்திவிட்டு யார் என்று கேட்போம். தொரூன் எட்டாம் படத்தையும் பதினொன்றாம் படத்தையும் காட்டி, எத்வின் சொன்னதைச் சொன்னார்.

எக்ரெம் காப்பியை ஒரு வாய் குடித்தார். "சரி, வேற வேற நாள்ல எடுத்திருக்கா. அப்போ தினமும் புது ரொட்டி வெச்சு எடுத்திருக்கா. இது அதைவிடப் பெரிய ஏமாத்து. ஒத்துக்கறீங்களா?"

"புது ரொட்டிதான்" என்றார் தொரூன். "ஒத்துக்கறேன்."

வில்யா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பதினெட்டு.

அப்போது கதவு திறந்தது. மீன் செதில் ஒட்டிய மழைச் சட்டையோடு ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, கையுறையைத் திட்டின்மேல் வைத்து, மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். வணக்கம், வந்தனம் ஒன்றும் இல்லை.

"ஸ்தைனார்" என்றார் தொரூன், "காலையில கிளம்பும்போது அந்தத் திட்டுலேர்ந்து என்ன எடுப்பீங்க?"

"சாப்பாட்டுப் பொட்டலம்."

"யார் கட்டி வைப்பா?"

"வில்யா. ராத்திரியே."

"என்ன இருக்கும்?"

"ரொட்டி. மூணு துண்டு. தாள்ல சுத்தி."

"மேலே ஒண்ணும் தடவ மாட்டாளா?"

"படகுல மீன் முட்டைப் பசை ட்யூப் இருக்கு. அங்க தடவிப்பேன்."

"மார்ச்ல ரெண்டு வாரம் திட்டுல எத்தனை பொட்டலம் இருந்துச்சு?"

"ரெண்டு."

வில்யாவின் கை மெல்ல அவள் வாய்க்குப் போனது.

"எதை எடுத்தீங்க?"

தலைநகரத்திலிருந்து இப்போதுதான் இறங்கிய ஆளைப் பார்ப்பதுபோல ஸ்தைனார் தொரூனைப் பார்த்தார். "பழசை."

"இருட்டுல எப்படித் தெரியும்?"

"அமுக்கிப் பாப்பேன். விறைப்பா இருக்கறது பழசு. பழசு தீராம புதுசைத் தொடறதில்ல."

இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? இந்தக் கடற்கரையில் எந்த வீட்டில்தான் பழைய ரொட்டி தீராமல் புதியதை அறுக்க விட்டார்கள்? திங்கட்கிழமை காலையில் வில்யா சோதனை ரொட்டியைச் சுற்றி வைத்தாள். இரவில் அப்பாவுக்குப் பொட்டலம் கட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். செவ்வாய் விடியலில் அப்பா சோதனையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். மகள் அப்பாவின் ரொட்டியைப் படம் எடுத்துவிட்டு, பத்திரமாகச் சுற்றி வைத்தாள். புதன் விடியலில் அது பழையதாகிவிட்டது, அதுவும் படகேறியது. ஞாயிற்றுக்கிழமை அவர் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்று மட்டும் ரொட்டி மாறவில்லை. அதாவது அந்தச் செவ்வாய்க்கிழமை, நடுக்கடலில், இந்த மனிதர் பாம்சே நக்கிய துண்டையும் பூட்ஸில் தேய்த்த துண்டையும் மீன் முட்டை தடவி...

நான் ஜன்னலைத் திறந்து கொஞ்சம் காற்று வாங்கினேன். மீன் தலைகளின் காற்று.

"வேடிக்கையான கதை" என்றார் எக்ரெம். "ஆனா கடைசிக் கட்டத்துல பூஜ்யம் பூஜ்யம்தான். அறுபதுக்கு மேல வந்திருக்கணும். சோதனை தோல்வி."

"தோல்வி வேற, ஏமாத்து வேற" என்றார் தொரூன். "போகட்டும். நாலாவது படத்தைத் திருத்தும்போது பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் மார்க் போடுவேன்."

"பாத்துட்டு, ஒரே நாள்ல எடுத்ததுன்னு எழுதினீங்க. தலைமை ஆசிரியை அரை நொடியில கண்டுபிடிச்ச கொடி உங்க கண்ணுல படல."

காப்பிக் கோப்பை கீழே இறங்கியது. "அறுபத்தொரு பேர் அம்மா! ஒவ்வொண்ணும் எட்டு பக்கம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"எஸ்கில்" என்றார் தொரூன். "வாயைத் திற."

திறந்தேன். "உங்க வகுப்புப் பக்கத்துல முதல் மாதிரி, சீவெர்ட். ஆறுக்கு ஆறு. நாலாம் பக்கம் படிக்கறேன். 'அரைக் கிலோ மீனை முள் எடுத்து அரைக்கவும். உருளைக்கிழங்கு மாவு ரெண்டு கரண்டி, பால், உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய். உருண்டை பிடிச்சு வெண்ணெயில் பொன்னிறமாகப் பொரிக்கவும். கேரட்டோடு பரிமாறவும்.' அஞ்சாம் பக்கம் வெள்ளை சாஸ். எட்டாம் பக்கம் அட்டவணை, கடைசிக் கட்டத்துல அறுபத்தஞ்சு. கீழே உங்க குறிப்பு: 'நான்காம் பக்கத்தின் அலசல் மிக ஆழமானது. மற்றவர்களுக்கு மாதிரி.'"

நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"ஒரு சோறு பதம் பாக்கலாம் ஐயா" என்றேன். "பானையில இருக்கறது சோறுதானான்னு முதல்ல பாக்கணும்."

ஔனே தன் கணினியில் எதையோ தட்டித் திறந்தார். அவர் கண்கள் வரி வரியாக நகர்ந்து, ஜாதிக்காயில் நின்றதை என்னால் பார்க்க முடிந்தது. "வில்யா" என்றார் மெதுவாக, "இது மத்த பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

அவள் தயங்கினாள். "எல்லாருக்கும் தெரியும். கடைசிக் கட்டத்துல அறுபத்தஞ்சு எழுதினா ஆறு. நடுவுல என்ன எழுதினாலும் சரி."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் நீ ஏன் அறுபத்தஞ்சு எழுதல?"

கேள்வியே அவளுக்குப் புரியவில்லை என்று தோன்றியது. "பூஜ்யம்தானே இருந்துச்சு?"

எக்ரெம் செருமினான். இதுவரை கொடுத்த மரியாதையை இந்த இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்பு ஏதாவது வரும் என்று பார்த்தேன். வந்தது இதுதான்: "அந்தப் பையன் என்னை ஏமாத்தியிருக்கான். அவன் மேல நடவடிக்கை எடுக்கணும்."

காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்த முட்டைக்கு அப்போதுதான் உண்மையான காரணம் கிடைத்தது. மீன் தலை, நாய் நாக்கு, பச்சை ஈரல், எல்லாம் சுத்தமான பொருள்கள். அறுபத்தொரு பிள்ளைகள் இரண்டு வாரம் குளிரில் விழித்து எழுதியதை ஒரு கட்டத்தில் எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்த இந்த ஆள்தான் அழுகல். புரியவில்லை என்று உண்மையை எழுதிய ஒரே பிள்ளையைப் பிடித்து ஏமாற்றுக்காரி என்றவனும் இவன்தான்.

"ஹல்வார்ட், நீங்க லைன்லயே இருங்க" என்றார் ஔனே. அந்தக் குரலில் என்னிடம் பேசியிருந்தால் கடலில் குதித்திருப்பேன். "வில்யா, அந்தக் குறிப்பை இப்பவே எடுத்துடறேன். உன் ரிப்போர்ட்டை வேற ஆசிரியர் திருத்துவார். ஆய்வகத்துக்கு நானே போன் பண்றேன். மணி ரெண்டு முப்பத்தொண்ணு. உன் பேர் பட்டியல்ல இருக்கும்."

திரை அணைந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆய்வகத்திலிருந்து வில்யாவுக்குச் செய்தி வந்தது: ஆகஸ்டில் வரும்போது சொந்த ரப்பர் பூட்ஸ் கொண்டுவரவும்.

அவள் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை.

ஸ்தைனார் காப்பி ஊற்றிக்கொண்டு மேஜைக்கு வந்தார். "அந்த முதல் பொட்டலம்" என்றார். "அதுல என்ன இருந்துச்சு?"

வில்யா சொன்னாள். நாய், பூட்ஸ், எல்லாவற்றையும்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு மீன் முட்டை கெட்டுப்போச்சுன்னு ட்யூபைக் கடல்ல வீசிட்டேன். நல்ல ட்யூப்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா! ரெண்டு வாரமா ஏன் ரெண்டு பொட்டலம்னு?"

ஸ்தைனார் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "அம்மா நடுக்கடல் எண்ணெய்க் கிணத்துக்கு வேலைக்குப் போயிருந்தா. நான் சரியா சாப்பிடறேனான்னு நீ கவலைப்படறேன்னு நெனச்சேன். கேட்டா நிறுத்திடுவியோன்னு கேக்கல."

அந்த மனிதர் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி அந்த வீடு பார்த்திருக்காது. வில்யா எழுந்துபோய் அவருடைய செதில் ஒட்டிய சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைப் படகுக்குக் கிளம்பும்போது திட்டின்மேல் எங்களுக்காக இரண்டு பொட்டலம் இருந்தது. தொரூன் இரண்டையும் அமுக்கிப் பார்த்து, விறைப்பானதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை என்னிடம் கொடுத்தார்.

"உனக்குத்தான் வேண்டாமே."

"யார் சொன்னது?"

மூன்றாவது அலைக்கு முன்பே பிரித்தேன். ரொட்டிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கறுப்பு நாய் முடி. எடுத்துக் கடலில் போட்டுவிட்டு, மூன்று துண்டையும் தின்றேன்.